புயலடித்த பாக்காவ் (கண்டல்) காடு: செயற்கைக்கோள் படமா, அளவு நாடாவா?

கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் கேட்டார்கள்: கரையோர மரச் சேதத்தை அளக்க எது சரி?

செலவு: சென்டினல்-2 என்ற ஐரோப்பிய செயற்கைக்கோளின் படங்கள் இலவசம். நேரில் போனால் படகு, ஆள், எண்ணெய், சேற்றில் முழு நாள்.

பரப்பு: படத்தில் கரை முழுவதும் தெரியும், ஆனால் படத்தின் ஒரு புள்ளியே தரையில் 10 மீட்டர் அகலம். நம் ஊர் மேகம் பெரிய தொல்லை. அதற்கு, மேகத்தை ஊடுருவிப் பார்க்கும் சென்டினல்-1 ரேடார் படம் கைகொடுக்கும்.

நுணுக்கம்: இதில் நாடாதான். 1.3 மீட்டர் உயரத்தில் (முட்டுவேர் உள்ள மரத்தில் மேல் வேருக்குச் சற்று மேலே) சுற்றளவு எடுத்தால் மரத்தில் தங்கிய கார்பனைக் கணக்கிடலாம். பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது. 2017-இல் இர்மா சூறாவளி அடித்த புளோரிடாவில், மொட்டையான கண்டல் மரங்கள் பல மறுபடி துளிர்த்தன. கடல்நீர் வடியாமல் தேங்கிய இடங்களில்தான் அப்புறம் கூட்டமாகச் செத்தன. முதல் வாரப் படம் இதைச் சொல்லாது.

எங்கே அடிபட்டது என்று உடனே தெரிய வேண்டுமா, படம். எது பிழைக்கும், எங்கே வாய்க்கால் வெட்டி நீரை வடிக்க வேண்டும் என்றால் நாடாவோடு இறங்குங்கள்; ஆறு மாதம் கழித்து அதே மரங்களிடம் மறுபடி போங்கள்.