வண்ணத் தட்டுகள்: மெலமைன், ஓபல் கண்ணாடி, எனாமல், பீங்கான் - எதில் சாப்பிடலாம்?

எவர்சில்வர் தட்டுக்கு நிறப் பிரச்சினை கிடையாது. எதை ஊற்றினாலும் தாங்கும், கீழே விழுந்தால் சத்தம் மட்டும்தான். அது அலுத்துப்போய் மஞ்சளும் நீலமுமாகத் தட்டு வாங்கப் போகிறவர்கள் கடையில் பெரும்பாலும் கேட்பது ஒன்றுதான்: "மைக்ரோவேவில் வைக்கலாமா?" தட்டு சூடு தாங்குமா என்பதற்கு அதில் பதில் கிடைக்கும். நிறத்தில் இருப்பது குழம்பில் இறங்குமா என்பதற்குக் கிடைக்காது. அதற்கு, நிறம் தட்டில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

மெலமைனில் நிறம் தட்டின் உடம்பிலேயே கலந்திருக்கிறது. உடையாது, கனமில்லை, விலையும் குறைவு. டிபன் கடைகள் விரும்புவது இதனால்தான். இங்கே கவலை நிறத்தைப் பற்றியல்ல, பிசினைப் பற்றி. மெலமைனும் ஃபார்மால்டிஹைடும் சேர்ந்து உருவாகும் பிளாஸ்டிக் இது. சூடும் புளிப்பும் சேர்ந்து தாக்கினால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். 70 டிகிரிக்கு மேல் சூடான உணவுக்கு இது ஆகாது என்கிறது ஜெர்மனியின் இடர் மதிப்பீட்டு நிறுவனம். 2013-இல் வெளியான தைவான் ஆய்வொன்றில் 12 பேருக்குச் சூடான நூடுல்ஸ் சூப் கொடுத்துப் பார்த்தார்கள். மெலமைன் கிண்ணத்தில் சாப்பிட்டபோது சிறுநீரில் வெளியேறிய மெலமைன், பீங்கானில் சாப்பிட்டபோது இருந்ததைவிடப் பல மடங்கு. ஆட்கள் குறைவான சிறிய ஆய்வுதான். ஆனாலும் கொதிக்கக் கொதிக்க சாம்பார் ஊற்றிய இட்லியை இதில் வாங்கிச் சாப்பிட எனக்கு மனம் வருவதில்லை. பிஸ்கட், நறுக்கிய பழம், பிறந்தநாள் கேக் என்றால் தாராளமாக வைக்கலாம். மலிவு விலையில், யூரியா பிசினில் செய்து மேலே மட்டும் மெலமைன் பூசிய தட்டுகளும் சந்தையில் உண்டு. கீறல் விழுந்தால் அவை இன்னும் மோசம். 'மூங்கில் கப்' என்று இயற்கைப் பொருளாக விற்கிறார்களே, அதிலும் பல, மூங்கில் தூளை மெலமைன் பிசினில் பிணைத்துச் செய்தவை.

ஓபல் கண்ணாடிக்கு நேர்மாறான குணம். தட்டின் உடம்பு வெறும் வெள்ளைக் கண்ணாடி. துளையில்லை, புளி, மஞ்சள் எதுவும் ஊறாது. நிறமெல்லாம் மேலே ஒட்டிச் சுட்ட பூப்படத்தில்தான். அதனால் படம் விளிம்போரம் மட்டும் இருக்கும் தட்டாகப் பார்த்து எடுத்தால் சோறும் குழம்பும் நிறத்தைத் தொடவே தொடாது. சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன். அழகில் கொஞ்சம் சப்பென்று இருக்கும், சரி.

எனாமல் என்பது இரும்புத் தகட்டின் மேல் சுமார் 800 டிகிரியில் உருக்கி ஒட்டிய கண்ணாடி. உள்பக்கம் வெள்ளையாகவும் வெளிப்பக்கம் நிறமாகவும் இருக்கும் புதுத் தட்டு நல்ல தட்டு. உணவு படும் பக்கமே பளீர் சிவப்போ மஞ்சளோ என்றால் நிறத்துக்குச் சேர்க்கும் நச்சு உலோகமான காட்மியம் பற்றிய சந்தேகம் வரும். ஓரம் பெயர்ந்த எனாமல் துருப்பிடிக்கும், சில்லும் உதிரும். காரைக்குடி பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் ஸ்வீடன் எனாமல் பாத்திரங்களை ஆசைக்கு வாங்கலாம், அலமாரியில் வைக்க.

பீங்கானில்தான் விஷயம் சிக்கலாகிறது. அதன் பளபளப்பு, களிமண் மேல் உருகிப் படிந்த கண்ணாடி. குறைந்த சூட்டிலேயே அது உருகவும் மினுமினுக்கவும் காரீயம் சேர்ப்பது பல நூற்றாண்டுப் பழக்கம். பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சளுக்குக் காட்மியம். சரியாக வெந்த பூச்சு இவற்றைப் பிடித்து வைத்திருக்கும். வேகாத பூச்சு புளிப்பு பட்டதும் விட்டுவிடும். ஆய்வுக்கூடச் சோதனையும் இதை ஒட்டியதுதான்: கிட்டத்தட்ட வினிகரான 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி, 24 மணி நேரம் விட்டு, எவ்வளவு இறங்கியது என்று அளப்பார்கள். தட்டையான தட்டு என்றால் மில்லிலிட்டருக்கு 3 மைக்ரோகிராம் காரீயம் வரை அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. விடுகிறது, கப்புக்கு 0.5 தான். அதே நாட்டின் கலிஃபோர்னியாவிலோ தட்டு 0.226-ஐத் தாண்டினாலே எச்சரிக்கை போட வேண்டும். ஆக, சோதனையில் தேறியது என்றால் எந்த வரம்பில் தேறியது என்ற கேள்வி பாக்கி இருக்கிறது. காரீயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இதுவரை அறியப்படவில்லை என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு.

பூவேலை போட்ட பீங்கான் தட்டின் மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். படம் மேடாகத் தட்டுப்பட்டால், பூச்சு சுட்ட பிறகு மேலே ஒட்டியது. வழவழவென்று ஒன்றும் தெரியாவிட்டால் பெரும்பாலும் பூச்சுக்கு அடியில் இருக்கிறது, அது நல்லது. கழுவிக் கழுவிப் படம் மங்கிய தட்டில், போன நிறம் எங்கே போயிருக்கும்?

பழைய தட்டுகளில் இன்னும் கவனம் வேண்டும். அமெரிக்காவில் 1936-இல் வந்த ஃபியஸ்டா தட்டுகளின் சிவப்புப் பூச்சில் யுரேனியம் இருந்தது. போர்க்காலத்தில் 1943-இல் நிறுத்தி, 1959-இல் மறுபடி தொடங்கி, 1972 வரை அந்தச் சிவப்பைச் செய்தார்கள். 1986 முதல் வருவது காரீயமில்லாத பூச்சு. பெயர் ஒன்றுதான், தட்டு வேறு. ஜெய்ப்பூர் நீலப் பீங்கானையும் சாப்பாட்டுக்கு எடுக்க மாட்டேன். படிகக்கல் தூளும் கண்ணாடித் தூளும் சேர்த்துக் குறைந்த சூட்டில் சுடுவது அது. பாரம்பரியப் பூச்சில் காரீயமும் சேரும். பூச்செண்டு வைக்க அதைவிட அழகான சாடி கிடையாது.

என் கை போவது, களிமண்ணை அதிகச் சூட்டில் சுட்டுச் செய்யும் ஸ்டோன்வேருக்குத்தான். 1200 டிகிரிக்கு மேல் சுடுவதால் பூச்சை உருக்கக் காரீயம் தேவைப்படுவதே இல்லை. ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் புதுச்சேரியில் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கிய பிறகு, அந்த வட்டாரத்தில் இதற்கென்றே குயவர்கள் பெருகிவிட்டார்கள். விலைதான் கடிக்கும். "எத்தனை டிகிரியில் சுட்டது, உள்பக்கப் பூச்சு எது?" என்று கேட்டால் கைத்தொழிலாளி உடனே சொல்லிவிடுவார், சொல்லத் தெரியாத கடையில் நான் வாங்குவதில்லை. செம்பு கலந்த பச்சைப் பூச்சும் பளபளப்பில்லாத, சொரசொரப்பான மேட் பூச்சும் ஸ்டோன்வேரிலும் புளிப்புக்கு அசைந்து கொடுக்கலாம். ஒரு எலுமிச்சைத் துண்டை ராத்திரி முழுக்க அதன்மேல் கவிழ்த்து வையுங்கள். காலையில் அந்த இடம் வெளுத்திருந்தால் அந்தத் தட்டு சுண்டலுக்கு, முறுக்குக்கு மட்டும். வெளுக்கவில்லை என்பதை மட்டும் வைத்து அதில் ஊறுகாய் போட்டு வைத்துவிடாதீர்கள். ரசம் சாதம் பத்து நிமிடத்தில் காலியாகும், ஊறுகாய் மாதக்கணக்கில் ஊறும்.