உணவை வைத்து ஒரு ஆங்கிலக் கட்டுரைப் பாடம்: எடுக்கலாமா?

எடுக்கலாம். ஆனால் பிரியாணியைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு ஏ கிரேடு வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்ற நினைப்பில் எடுக்காதீர்கள், மூன்றாவது வாரத்திலேயே அழுவீர்கள்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருட அரசுக் கல்லூரி) சேர்ந்து பட்டம் வாங்கவோ, பல்கலைக்கழகத்துக்கு மாறவோ நினைக்கிற யாராக இருந்தாலும், நர்சிங்கோ அக்கவுண்டிங்கோ கம்ப்யூட்டரோ எதுவானாலும், ஆங்கிலக் கட்டுரைப் பாடம் ஒன்றை முடித்தே ஆகவேண்டும். அதே பாடத்தைப் பல ஆசிரியர்கள் எடுப்பார்கள், ஒவ்வொருவரும் ஒரு கருப்பொருளைப் பிடித்துக்கொள்வார்கள். ஒருவருக்கு சினிமா, இன்னொருவருக்கு குடியேற்றம், நான் போன வகுப்பில் உணவு. இந்த மாநிலத்தில் வசிப்பவர்களுக்கு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைச் சொல்லும் கணக்கு) 46 டாலர், நான்கு யூனிட் பாடம் என்றால் 184 டாலர், சில்லறைக் கட்டணங்கள் தனி. வெளிநாட்டு மாணவர் விசாவில் வந்தவர்களுக்கு இதைப்போலப் பல மடங்கு ஆகும், அவர்கள் இன்னும் யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் கட்டுரை நினைவுக் கட்டுரை. வகுப்பில் எல்லோரும் பாட்டியைத்தான் எழுதினார்கள், மெக்சிகோ பாட்டி, வியட்நாம் பாட்டி, என்னுடையது திருநெல்வேலி பாட்டி. ஆசிரியர் முதல் நாளே ஒரு தடை போட்டுவிட்டார்: "அன்போடு சமைத்தார்" என்ற வாக்கியம் யார் கட்டுரையிலும் வரக்கூடாது, அன்பு இருந்தால் அது பாத்திரத்திலோ கையிலோ தெரியும்படி எழுதுங்கள் என்று. சரி என்று நான் ரசம் வைக்கிற ஈயச் சொம்பை எழுதினேன். வெறும் சொம்பை அடுப்பில் வைத்தால் உருகிவிடும், புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் தீயைக் காட்டவேண்டும், பாட்டி எங்களை அந்த அடுப்புப் பக்கமே விடமாட்டார், இவ்வளவுதான் எழுதியிருந்தேன். ஓரத்தில் பென்சிலில் ஆசிரியரின் கேள்விகள்: "என்ன உலோகம்? எத்தனை டிகிரியில் உருகும்? ரசம் இருக்கும்போது ஏன் உருகுவதில்லை?" நினைவுக் கட்டுரைக்கு எதற்கய்யா இந்தக் கணக்கு என்று முதலில் எரிச்சல்தான் வந்தது. தேடிப் பார்த்தால் அது வெள்ளீயம், 232 டிகிரி செல்சியஸில் உருகும், உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பாத்திரத்தின் சூடு 100-ஐ ஒட்டியே நிற்பதால் தப்பிக்கிறது. இதைச் சேர்த்ததும் பாட்டி ஏன் அப்படிக் கத்துவார் என்பது கட்டுரையில் தானாக விளங்கிவிட்டது. கருப்பொருளாக உணவை வைத்ததன் லாபமே இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. சாப்பாடு பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு உட்காருகிறோம், யாராவது "எப்படித் தெரியும்?" என்று கேட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, பிறர் எழுதியதை அலசும் கட்டுரை. அமெரிக்க எழுத்தாளர் டேவிட் ஃபாஸ்டர் வாலஸ் 2004-ல் கூர்மே என்ற சாப்பாட்டுப் பத்திரிகைக்கு எழுதிய சிங்கி இறால் (லாப்ஸ்டர்) கட்டுரையைப் படிக்கக் கொடுத்தார்கள். மெய்ன் மாநிலத்தில் நடக்கும் சிங்கி இறால் திருவிழாவைப் பற்றி எழுதச் சொல்லி ருசிக்கான பத்திரிகை ஒன்று ஆள் அனுப்புகிறது, அவர் திருவிழாக் கூட்டம், கூடாரம், தட்டு என்று ஜாலியாக ஆரம்பித்து, உயிரோடு ஒரு பிராணியைக் கொதிநீரில் போடுவது சரிதானா என்று அதே பத்திரிகையின் வாசகர்களிடமே கேட்டுவிடுகிறார். வகுப்பில் பாதிப் பேர் இது சைவப் பிரச்சாரம் என்று சண்டைக்குப் போனார்கள். ஆசிரியர் அதற்குள் போகவே இல்லை. எந்தப் பத்தியில் வண்டி திரும்புகிறது, திரும்புவதற்கு முன்னால் உங்களை எப்படிச் சிரிக்க வைத்து உட்கார வைத்திருக்கிறார், அதை மட்டும் கோடு போட்டுக் காட்டுங்கள் என்றார். கூடவே அப்டன் சின்க்ளேரின் கதையும் வந்தது. சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளில் தொழிலாளர்கள் படும் பாட்டைச் சொல்ல 1906-ல் நாவலை வெளியிட்டார், படித்தவர்களோ தொழிலாளியை விட்டுவிட்டு ஐயோ நம் தட்டில் இருப்பது என்ன என்று பதறினார்கள், அதே வருடம் ஜூன் 30 அன்று இறைச்சிப் பரிசோதனைக்கும் கலப்பட ஒழிப்புக்கும் இரண்டு சட்டங்களில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கையெழுத்துப் போட்டார். இதயத்துக்குக் குறிவைத்தேன், வயிற்றில் போய்ப் பட்டது என்று சின்க்ளேரே நொந்துகொண்டார். எழுதுகிறவர் நினைத்தது ஒன்று, வாசிப்பவர் எடுத்துக்கொண்டது வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணத்தை வேறு கருப்பொருளில் காட்ட முடியுமா தெரியவில்லை.

ஆனால் இந்தப் பாடத்தின் உயிர் மூன்றாவது கட்டுரைதான், ஆய்வுக் கட்டுரை. கேள்வி இப்படி: உங்கள் வீட்டில் உணவு பற்றி எல்லோரும் நம்பும் ஒரு விஷயத்தை எடுங்கள், அதை முதலில் யார் சொன்னார்கள், எந்த ஆதாரத்தில் சொன்னார்கள் என்று பின்னோக்கிப் போங்கள்.

எங்கள் வீட்டில் அது அஜினோமோட்டோ, அதாவது எம்எஸ்ஜி என்கிற சுவையூட்டும் உப்பு. ஃபிரைடு ரைஸ் என்று சொன்னாலே அத்தை போனில் "அதுல அஜினோமோட்டோ போடுவாங்க, தலைவலி வரும்" என்பார். சாதாரணமாகத் தேடினால் ஆயிரம் பக்கம் வருகிறது, ஒன்றைப் பார்த்து இன்னொன்று எழுதியது. நூலகர் ஒரு வகுப்பு எடுத்தார், தரவுத்தளத்தில் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுவது எப்படி, ஒரு கட்டுரையின் அடியில் இருக்கும் பட்டியலைப் பிடித்துக்கொண்டு அதற்கு முந்தைய கட்டுரைக்குப் போவது எப்படி என்று. அந்த இரண்டாவது வித்தை தெரிந்தால் போதும், பாடத்துக்குக் கொடுத்த பணம் வந்துவிடும்.

அப்படிப் பின்னாலேயே போய் நின்ற இடம் 1968. நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ராபர்ட் ஹோ மான் குவாக் என்ற மருத்துவர் எழுதிய ஒரு கடிதம். ஆராய்ச்சிக் கட்டுரை இல்லை, ஆசிரியருக்குக் கடிதம். சீன உணவகத்தில் சாப்பிட்டால் கழுத்தின் பின்பக்கம் மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, சோயா சாஸாக இருக்கலாம், சமையலுக்கு ஊற்றும் மதுவாக இருக்கலாம், இந்த உப்பாகவும் இருக்கலாம், யாராவது ஆராயுங்கள் என்று கேட்டிருக்கிறார், அவ்வளவுதான். கேள்வி கேட்டவரின் கடிதம் எப்படித் தீர்ப்பாக மாறியது என்பதுதான் என் கட்டுரை ஆனது. அடுத்த வருடம், புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சுகளின் தோலுக்கடியில் ஊசி போட்டுச் செய்த ஆய்வு ஒன்று வந்தது, தட்டில் சாப்பிடுவதும் ஊசி போடுவதும் ஒன்றா என்று அதைப் பத்திரிகைகள் கேட்டதாகத் தெரியவில்லை. 2000-ல் வெளியான ஆய்வில், எனக்கு இது ஒத்துக்கொள்ளாது என்று தாமே சொன்ன 130 பேருக்கு, எம்எஸ்ஜியையும் அது இல்லாத போலியையும் எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். சாப்பாடில்லாமல் அதிக அளவில் தனியாகக் கொடுத்தபோது சிலருக்கு ஏதோ செய்தது, அவர்களையே திரும்பச் சோதித்தால் அதே விளைவு நிலையாக வரவில்லை.

இதில் ஒரு கிளைக்கதை வேறு. அந்தக் கடிதத்தை நான்தான் விளையாட்டுக்கு எழுதினேன், குவாக் என்று ஒரு ஆளே கிடையாது என்று அமெரிக்க மருத்துவர் ஒருவர் வயதான காலத்தில் சொல்ல, அது நல்ல கதையாக இருந்ததால் பரவியது. பிறகு 2019-ல் ஒரு வானொலி நிகழ்ச்சிக்காரர்கள் தேடிப்போனால் குவாக் நிஜமான ஆள், மேரிலாந்தில் வேலை பார்த்தவர், குடும்பத்தாரே இருக்கிறார்கள். நான் எடுத்த மூலங்களில் ஒன்று அந்த வேடிக்கைக் கதையை உண்மை என்றே எழுதியிருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினால் கட்டுரைக்கு ஒரு பத்தி கூடுதல் கிடைத்தது, ஆசிரியர் அந்தப் பத்தியைத்தான் வகுப்பில் வாசித்தார்.

இந்தியப் பக்கம் வேண்டும் என்று 2015-ஐயும் சேர்த்தேன். மேகியில் காரீயம் அதிகம் என்றும், உறையில் எம்எஸ்ஜி சேர்க்கவில்லை என்று போட்டிருக்கிறார்கள் என்றும் ஜூனில் தடை வந்தது, ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, நவம்பரில் திரும்பக் கடைக்கு வந்தது. காரீயம் பற்றிய குற்றச்சாட்டும் உறையில் இருந்த வாசகம் பற்றிய குற்றச்சாட்டும் வேறு வேறு, நம் வீட்டுப் பேச்சில் இரண்டும் கலந்து "மேகியில அஜினோமோட்டோ, அதான் தடை பண்ணாங்க" என்று ஆகிவிட்டது. அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். "இருந்தாலும் நீ போடாத" என்றார்.

எழுதும் முறை பற்றி ஒன்று சொல்லவேண்டும். நம் பள்ளிக்கூடத்தில் முன்னுரை, பொருளுரை, முடிவுரை, நடுவில் ஒரு குறள், கடைசியில் ஒரு பாரதி வரி, முடிந்தது. குறளைச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் நிரூபிக்க ஒன்றுமில்லை. இங்கே மேற்கோளை வைத்ததும்தான் வேலை ஆரம்பிக்கிறது. யார் சொன்னார், அவர் சொல்வதை ஏன் கேட்கவேண்டும் என்று முன்னால் ஒரு வரி, பின்னால் அது உங்கள் வாதத்துக்கு எப்படி உதவுகிறது என்று இரண்டு மூன்று வரி. இதற்கு அமெரிக்க ஆசிரியர்கள் வைத்திருக்கும் பெயரே மேற்கோள் சாண்ட்விச், உணவு வகுப்பு என்பதால் சொன்னதில்லை, எல்லா வகுப்பிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். இன்னொன்று, "ஆதிகாலம் தொட்டே மனிதன் உணவு உண்டு வருகிறான்" ரக ஆரம்பத்துக்கு இரக்கமே கிடையாது, முதல் பத்தி முழுவதும் அடிபடும். மூலங்களைக் குறிப்பிட எம்எல்ஏ (மாடர்ன் லாங்குவேஜ் அசோசியேஷன்) முறை, 2021-ல் வந்த ஒன்பதாம் பதிப்பு, புத்தகம் வாங்கவேண்டாம், பர்டூ பல்கலைக்கழகத்தின் எழுத்து ஆய்வக இணையதளத்தில் இலவசமாகவே எல்லாம் இருக்கிறது.

குறைகள் உண்டு, பெரிய குறைகளே உண்டு. சக மாணவர்கள் ஒருவர் கட்டுரையை ஒருவர் திருத்தும் நாள் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள், சுத்த வேஸ்ட். "நன்றாக இருக்கிறது, பசிக்கிறது" என்று எழுதிக்கொடுக்கிறார்கள். கேள்வித்தாள் மாதிரி ஒன்றைக் கொடுத்து அதன்படி திருத்தச் சொன்னால் ஒருவேளை உருப்படும். கட்டுரை திரும்பிவர ஏகப்பட்ட தாமதம், இரண்டாவது கட்டுரையின் திருத்தம் கைக்கு வந்தபோது மூன்றாவதன் முதல் வரைவைக் கொடுத்தாகிவிட்டது, திருத்தம் எதற்குப் பயன்? காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் மூலப் பட்டியலையும் மேற்கோள்களையும் சேர்த்துச் சிவப்படித்துக் காட்டும், பயந்துபோகாமல் நேரில் போய் விளக்கினால் சரியாகிவிடுகிறது. ஏஐ விஷயத்தில் கண்டிப்பு, வரைவின் மாற்ற வரலாறு தெரியும்படி கூகுள் டாக்ஸில்தான் எழுதவேண்டும். முதலில் கடுப்பாக இருந்தது, ஆனால் பக்கத்தில் இருந்த பையன் கொடுத்த பட்டியலில் ஆசிரியர் பெயர், பக்க எண் எல்லாம் அம்சமாக இருந்த இரண்டு கட்டுரைகள் உலகத்திலேயே இல்லை என்று நூலகர் காட்டியபோது இந்தக் கண்டிப்பு நியாயம்தான் என்று ஒப்புக்கொண்டேன்.

இன்னொரு பெரிய குறை, படிக்கக் கொடுக்கும் பட்டியல். சோளம், மாட்டிறைச்சி, துரித உணவு, மறுபடி சோளம். அமெரிக்கத் தட்டைத் தாண்டிப் பட்டியல் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 1988-ல் இந்தியச் சமையல் புத்தகங்களைப் பற்றி எழுதிய கட்டுரை ஜேஸ்டோர் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் கிடைக்கிறது, இந்தியச் சமையல் என்று ஒன்றை நடுத்தர வர்க்கத்து ஆங்கிலச் சமையல் புத்தகங்கள் எப்படிச் சேர்த்துக் கட்டின என்று காட்டுவார். அதைப் பட்டியலில் சேர்க்கலாமே என்று கேட்டேன், நீயே எடுத்து உன் கட்டுரையில் பயன்படுத்து என்று பதில் வந்தது. நல்ல பதில்தான், ஆனால் பட்டியல் அப்படியே இருக்கிறது. சர்க்கரையை வைத்து அடிமை முறையையும் இங்கிலாந்துத் தொழிலாளியின் டீக்கோப்பையையும் ஒரே கயிற்றில் கட்டிய சிட்னி மின்ட்ஸின் 1985 புத்தகத்திலிருந்து ஒரு அத்தியாயம் மட்டும் இருந்தது, அது இல்லையென்றால் நான் இன்னும் திட்டியிருப்பேன்.

நேரில் போகிற வகுப்பையே எடுங்கள். ஆன்லைனில் அவரவர் நேரத்துக்குச் செய்யும் வகுப்பில் இதே பாடத்தை எடுத்த தோழி ஒருத்திக்கு நூலகர் வகுப்பு ஒரு வீடியோவாகத்தான் வந்தது, ஓரத்துப் பென்சில் கேள்விகளுக்குப் பதிலாக மதிப்பெண் அட்டவணையில் டிக் மட்டும். வேலைக்குப் போகிறவர்கள் மாலை வகுப்பைப் பாருங்கள், சீக்கிரம் நிரம்பிவிடும், காத்திருப்புப் பட்டியலில் பெயர் போட்டுவிட்டு முதல் நாள் வகுப்பிலேயே போய் உட்கார்ந்தால் பெரும்பாலும் இடம் கிடைக்கும். ஆங்கிலத்தில் பேச்சு சரளமாக இல்லையே என்று தயங்கவேண்டாம், இங்கே பேச்சை யாரும் பார்ப்பதில்லை, வாரத்துக்கு ஐம்பது அறுபது பக்கம் படிக்க நேரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அது இல்லாத செமஸ்டரில் எடுக்காதீர்கள்.

ஐந்துக்கு நான்கு. அரை மதிப்பெண் அந்தச் சோளத்துக்காகக் குறைத்தேன், அரை தாமதத்துக்காக. அடுத்த கட்டமான தர்க்கப் பாடத்தை இதே ஆசிரியர் குப்பையைக் கருப்பொருளாக வைத்து எடுக்கிறார், பதிவு செய்துவிட்டேன்.