சாயல்குடிப் பனங்காட்டுக்கு ஒருநாள் வேன்: 1,800 ரூபாய் எதற்குத் தகும், எதற்குத் தகாது

ராமநாதபுரத்தில் ஏறி, கீழக்கரை, ஏர்வாடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சாயல்குடி வரை போய், பதநீர் இறக்குவதையும் கருப்பட்டி காய்ச்சுவதையும் பார்த்துவிட்டு, மிளகாய்க் களம், உப்பளம் என்று சுற்றிப் பொழுது சாயத் திரும்புகிற பயணம் இது. 12 பேர், ஒரு வேன், தலைக்கு 1,800 ரூபாய். கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர் திராட்சைத் தோட்டம், மேலே ஏறினால் தேயிலை என்று கூட்டிப் போகிறார்களே, அதே அச்சில் இதையும் வார்த்திருக்கிறார்கள். அச்சுதான் இடிக்கிறது. திராட்சைக் கொடியும் தேயிலைச் செடியும் பத்து மணிக்குப் போனாலும் அங்கேயே நிற்கும். பதநீர் நிற்காது.

காலை 4.30க்கு ஒரு வேன், 7 மணிக்கு ஒரு வேன். 7 மணி வேனில் ஏறவே வேண்டாம். சாயல்குடி போய்ச் சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நடுவில் டீக்கு ஒரு நிறுத்தம். காட்டுக்குள் கால் வைக்கும்போது எட்டரை, ஒன்பது. அதற்குள் கலயமெல்லாம் இறங்கி, வடிகட்டி, வட்டை என்ற அகன்ற காய்ச்சும் பாத்திரத்தில் பாதி வற்றியிருக்கும். மிச்சம் பார்க்கக் கிடைப்பது புகையும் விற்பனைக்கு அடுக்கிய பெட்டியும்தான். முதல் வேனில் போனால் விடியும் நேரத்துக்கு மரத்தடியில் நிற்கலாம். பனையேறி காலில் தளைநார் மாட்டி, மிதித்து ஏற உதவும் முருக்குத்தடியை மரத்தில் சாய்த்து முதல் எட்டு வைப்பதிலிருந்து எல்லாம் கண்முன்னே நடக்கும்.

பயணத்தில் உருப்படியான இரண்டு மணி நேரம் இதுதான். என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்து போனால் காசு வீணாகாது.

இடுப்பில் தொங்கும் அரிவாள் பெட்டியில் பாளை அரிவாள், சுண்ணாம்பு, பாளையை, அதாவது பனையின் பூங்குலையை, நசுக்கிப் பதப்படுத்தும் இடுக்கி எல்லாம் இருக்கும். ஆண்பனை, பெண்பனை இரண்டிலும் பதநீர் வரும். இரண்டின் பாளையும் வேறு, இடுக்கிப் பதப்படுத்தும் முறையும் வேறு. பெண்பனையில் பாளையைச் சீவிவிட்டால் அந்தக் குலையில் நுங்கு கிடையாது. எந்தப் பாளை பதநீருக்கு, எது நுங்குக்கு என்பதைப் பனையேறி முன்பே முடிவு செய்திருப்பார். அதைக் கேளுங்கள், நன்றாகச் சொல்வார்கள். பாளையின் நுனியைத் தினமும் காகிதக் கனத்துக்குச் சீவ வேண்டும். இரண்டு நாள் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும், ஊறல் நின்றுபோகும். பருவம் தொடங்கினால் திருவிழா, கல்யாணம் என்று லீவு போட முடியாத வேலை இது.

கலயத்தின் உள்சுவரில் சுண்ணாம்பு தடவுவதைக் கிட்ட நின்று பாருங்கள். மொத்தப் பயணத்தின் சூட்சுமமும் அந்த ஒரு விரல் சுண்ணாம்பில் இருக்கிறது. பாளையிலிருந்து சொட்டும் சாற்றில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு பங்கு சர்க்கரை. காற்றிலிருக்கும் ஈஸ்ட் அதில் விழுந்த நிமிடமே புளிப்பு தொடங்கும். சுண்ணாம்பின் காரம் அதைத் தடுக்கிறது. குறைந்தால் சாறு புளிக்கும். கூடினால் தொண்டை அரிக்கும், கருப்பட்டி கசக்கும். அளவு சொல்ல டம்ளர் கணக்கு எதுவும் கிடையாது. வெயிலையும் கலயத்தின் அளவையும் பார்த்துக் கை முடிவு செய்கிறது.

சுண்ணாம்பு தடவாததுதான் கள். 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கத் தடை இருக்கிறது. வேனில் யாராவது ஒருத்தர் சிரித்துக்கொண்டே பனையேறியிடம் அதைக் கேட்காமல் விடுவதில்லை. கேட்காதீர்கள். வழக்கு வந்தால் அவர் தலையில்தான் விழும்.

குடிக்கத் தருவது மடித்த ஓலைப் பட்டையில். நல்ல பதநீர் தெளிவாக இருக்கும், அடியில் லேசாகச் சுண்ணாம்பு வாசம். நுரை கட்டி, கலங்கலாக, மூக்கில் புளிப்பு ஏறினால் மரியாதைக்குக்கூடக் குடிக்க வேண்டாம். வெறும் வயிற்றில் ஒரு பட்டைக்கு மேல் இறக்கினால் சிலருக்கு வயிறு இளகும். காட்டில் கழிப்பறை கிடையாது, கடைசி வசதி சாயல்குடி பெட்ரோல் பங்க்தான். சர்க்கரை நோயாளிகளுக்குப் பதநீர் நல்லது என்று வேனில் வழிகாட்டி சொல்கிறார். அதை நம்ப வேண்டாம். இதில் இருப்பதும் கரும்பில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான்.

அடுத்து விடிலி. ஓலைக் கூரை தாழ்ந்த காய்ச்சும் குடிசை. இங்கே ஏற்பாட்டாளரைப் பாராட்ட வேண்டும். 12 பேரையும் ஒன்றாக உள்ளே திணிக்காமல் நான்கு நான்கு பேராக விடுகிறார்கள். புகையும் சூடும் அதற்கு மேல் தாங்காது. பாகு தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு வேகும், கொதிநீர்போல வழிந்து போகாது. அதனால் குழந்தைகளை வாசலிலேயே நிறுத்துங்கள். பருத்தித் துணி போட்டுக்கொண்டு போங்கள்.

வட்டையில் ஊற்றிய பதநீர் இரண்டு, மூன்று மணி நேரம் கொதிக்கும். நுரை பொங்கி வழியப் போகும் நேரத்தில் நசுக்கிய ஆமணக்கு முத்து ஒன்றிரண்டு போடுவார்கள். எண்ணெய் பட்டதும் நுரை படுத்துவிடும். பிறகு நிறம் தேனாகி, கறுத்து, குமிழி பெரிதாகி மெதுவாக வெடிக்கும். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்க்கிறார்கள். உருண்டை நின்றால் பதம். இறக்கி, துடுப்பால் விடாமல் கிண்டி, பாகு குருணையாகி மணல் கட்டும்போது நனைத்த சிரட்டைகளில் ஊற்றுவார்கள். அடுப்படியில் இருந்த அம்மா ஒருத்தர் சொன்னது: "கொதிக்கிற சத்தம் கனத்துப் போகும் தம்பி, அப்ப எறக்கணும். எல்லாரும் பேசிக்கிட்டு நின்னா எனக்குக் கேக்காது." அந்த இரண்டு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நிற்பதுதான் விருந்தாளிக்கு அழகு. முந்தி இறக்கினால் பாகு இழுக்கும், கட்டியாகாது. பிந்தினால் கருகல் கசப்பு.

இதிலேயே கலப்படத்தின் கதையும் இருக்கிறது. பதநீர் கொஞ்சம் புளித்துப்போனால் அதிலுள்ள சர்க்கரை உடைந்து குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகிவிடும். அது மணல் கட்டாது. எவ்வளவு காய்ச்சினாலும் பிசுபிசுப்புதான். அதில் வெள்ளைச் சீனியைக் கொட்டினால் கட்டியாகிவிடும். எடையும் கூடும். பேராசை ஒரு காரணம் என்றால், காலையில் நேரத்துக்கு இறக்காத பதநீர் இன்னொரு காரணம்.

காட்டில் வாங்கும் கருப்பட்டியைச் சோதிக்க ஒன்றை உடைத்துப் பாருங்கள். நல்லது மந்தமான நிறத்தில், ஓரம் சற்று உதிர்ந்து உடையும். புகை வாசம் இருக்கும். சீனி கலந்ததை உடைத்தால் உள்ளே பளபளவென்று மணி மின்னும், விளிம்பு கூராக நிற்கும், கடித்தால் நறுக்கென்று சத்தம் வரும். தண்ணீரில் கரைத்து அடியில் வெண்மையாகக் கொஞ்சம் தங்கினால் பயப்படாதீர்கள், அது சுண்ணாம்பு. விலையும் ஒரு சோதனைதான். ஒரு கிலோவுக்குச் சுமார் 8 லிட்டர் பதநீர் வேண்டும். அதற்கு மரம் ஏறிய கூலி, விறகு, அரை நாள் அடுப்படி. சீனி விலையை ஒட்டி ஒருவர் கருப்பட்டி தருகிறார் என்றால் அதில் என்ன இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இந்தப் பயணத்தில் விடிலியில் விற்றது உடைத்துப் பார்க்க விட்டார்கள், சரக்கு சரி. திரும்பும் வழியில் வேன் நிற்கும் ரோட்டோரக் கடையில் விற்றது அப்படியில்லை. ஓட்டுநர் அங்கே நிறுத்துவதற்குக் காரணம் இருக்கும், நமக்கு வாங்கக் காரணம் இல்லை.

மரத்தில் ஆறடி ஏற்றிப் படம் எடுத்துக்கொடுக்கிறார்கள். தவிர்த்துவிடுங்கள். பனையின் சிராய் தொடையில் ஏறினால் ஒரு வாரம் உறுத்தும். விடியற்காலையில் பனி ஈரத்தில் மரம் வழுக்கும். கீழே விழுந்தால் விழும் இடத்தில் மட்டைக் கருக்கு ரம்பமாக நிற்கிறது. ரப்பர் செருப்பும் கூடாது. சீமைக் கருவேல முள் அதைத் துளைத்துக்கொண்டு உள்ளங்காலுக்கு வந்துவிடும். தடித்த அடியுள்ள ஷூ வேண்டும். தலைக்கு 2 லிட்டர் தண்ணீர் வேண்டும். இந்தப் பக்கத்துக் கிணறு பலவற்றில் உப்புக் கரிக்கும். வேனில் தருவது அரை லிட்டர் பாட்டில் ஒன்றே ஒன்று.

மிளகாய்க் களம் இருபது நிமிட நிறுத்தம்தான், ஆனால் நன்றாக அமைந்த நிறுத்தம். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு, அதாவது குண்டு மிளகாய்க்கு, 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மழையை நம்பிக் கரிசலில் போட்டு, மாசியிலிருந்து பறிப்பது. பறித்ததும் வெயிலில் போடுவதில்லை. ஒன்றிரண்டு நாள் குவித்து மூடி வைத்து, நிறம் ஒரே சிவப்பாக ஏறிய பிறகு பரப்புகிறார்கள். இரவில் தார்ப்பாய் போட்டு மூடாவிட்டால் பனி இறங்கி வத்தல் வெளுக்கும். வாங்கும்போது காதருகே வைத்துக் குலுக்குங்கள். நன்றாகக் காய்ந்த குண்டில் விதை கிலுகிலுவென்று ஆடும். சத்தமில்லாமல் அமுங்கினால் ஈரம் இருக்கிறது, வீட்டில் பூசணம் பிடிக்கும். காம்போடு வாங்குவது நல்லது.

உப்பளம்தான் இந்தப் பயணத்தின் ஓட்டை. வாலிநோக்கம் பக்கத்துப் பாத்திகளுக்குப் பதினொன்றரை மணிக்குக் கூட்டிப் போகிறார்கள். உப்பு வாருவது விடியலுக்கு முன்பே தொடங்கி வெயில் ஏறும் முன் முடிந்துவிடும். அந்த நேரத்தில் பாத்தியில் ஆள் இல்லை. வாருபலகை வரப்பில் கிடக்கிறது, வெள்ளை வெளிச்சத்தில் கண் கூசுகிறது. வழிகாட்டி சொன்ன "கடல் தண்ணி காஞ்சா உப்பு" என்ற ஒரு வரியோடு விளக்கமும் முடிந்தது. தண்ணீரில் உப்பு எவ்வளவு செறிந்திருக்கிறது என்று காட்டும் போமே அளவில் கடல் நீர் 3 டிகிரிக்குச் சற்று மேலே. கடல் நீரைத் தேக்கும் தெப்பத்திலும் அடுத்தடுத்த பாத்திகளிலும் காய்ந்து ஏறும் வழியில் முதலில் ஜிப்சம் படியும். 25 டிகிரியை எட்டும்போதுதான் உப்பு கட்டத் தொடங்கும். 29, 30க்கு மேல் விட்டால் மக்னீசியம் உப்புகள் சேர்ந்து கசக்கும். அதனால் அந்த நஞ்சுத் தண்ணீரை வெளியே திறந்துவிடுவார்கள். கையில் ஒரு போமே மானியை வைத்துக்கொண்டு மூன்று பாத்தியில் மிதக்கவிட்டுக் காட்டியிருந்தால் போதும், எல்லாருக்கும் புரிந்திருக்கும். பனையும் உப்பும் இரண்டுமே விடியற்காலை வேலை. ஒரே நாளில் இரண்டையும் பார்க்க முடியாது. சாப்பாட்டுக்குப் பிறகு நிழலில் ஓய்ந்து நாலரைக்குப் போனால் வேலையைப் பார்க்க முடியாது, ஆனால் பாத்தியின் நிறங்களையாவது நின்று பார்க்கலாம்.

மதியம் சோறு, மீன் குழம்பு, வறுவல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். நாட்டுப்படகு மீன்தான் வரும், அன்றைக்கு என்ன கிடைத்ததோ அதுதான் இலையில். சின்ன மீன் என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். குழம்பு நன்றாகவே இருந்தது, புளி சற்று முன்னால் நின்றது. கீழக்கரையில் தொதல் என்ற இனிப்பு வாங்க நிறுத்தச் சொல்லுங்கள். தானாக நிறுத்த மாட்டார்கள், கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள்.

மாதம் பார்த்துப் போங்கள். பங்குனிக் கடைசி, சித்திரை இரண்டும்தான் பதநீர், நுங்கு, மிளகாய்க் களம் மூன்றும் ஒன்றாகக் கிடைக்கும் காலம். ஆடிக்காற்று எடுத்துவிட்டால் மரத்தில் ஆள் நிற்க முடியாது, பதநீரும் ஓய்ந்துவிடும். அப்போதும் இதே விலைக்கு வேன் ஓடுகிறது. பணம் கட்டும் முன் "எத்தனை மரத்தில் கலயம் கட்டியிருக்கு?" என்று கேளுங்கள். எண் சொல்லாமல் "எல்லாம் இருக்கும் சார்" என்றால் பதில் தெரிந்துவிட்டது. பனையேறிக்கு இந்த 1,800இல் என்ன போகிறது என்று கேட்டதற்கும் வழிகாட்டியிடம் தெளிவான பதில் வரவில்லை. குடித்த பதநீருக்கும் நின்ற நேரத்துக்கும் நேரே அவர் கையில் கொடுத்துவிட்டு வருவது முறை.

வாங்கிய கருப்பட்டியை வேனின் பின்பக்கம் பையில் கட்டிப் போடாதீர்கள். மதிய வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிவிடும். ஓலைப் பெட்டியில் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஃப்ரிட்ஜ் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும். பழைய செய்தித்தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில், அடுப்புக்கு மேல் தட்டில் வைத்தால் மழைக்காலம் வரை தாங்கும்.