மொழியியல் குறும்படிப்புகள்: லைடனா, எம்ஐடியா, என்பிடெலா?

கல்லூரியில் மொழியியல் படிக்க வாய்ப்புக் கிடைக்காத ஒருவர், வேலை போக மிஞ்சும் மாலை நேரங்களில் இணையம் வழியாக அதைத் தொடங்க நினைத்தால், பெரும்பாலும் மூன்று இடங்களில்தான் வந்து நிற்பார்: கோர்சேரா தளத்தில் நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் வழங்கும் அறிமுகப் படிப்பு, அமெரிக்காவின் எம்ஐடி தன் திறந்த பாடத் தளத்தில் வைத்திருக்கும் வகுப்பறைப் பதிவுகள், நம் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல். எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்பதைவிட, படித்து முடித்ததும் கையில் என்ன இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்வது பயன் தரும்.

லைடனின் படிப்பை நடத்துபவர் மார்க் வான் ஓஸ்தெந்தோர்ப். சிறு சிறு காணொளிகள், பல்வேறு மொழிகளைத் தாய்மொழியாகக் கொண்டோருடன் உரையாடல்கள், மொழியியலாளர்கள் நோம் சோம்ஸ்கி, அடேல் கோல்ட்பெர்க் ஆகியோரின் நேர்காணல்கள் என அது விறுவிறுப்பாகப் போகிறது. மொழியறிவு பிறவியிலேயே அமைந்ததா, கேட்டுப் பழகி உருவாவதா என்பதில் எதிரெதிர்த் தரப்பில் நிற்கும் இருவரையும் ஒரே படிப்பில் கேட்க முடிவது இதன் தனிச்சிறப்பு. ஆனால் கற்பவரை உழைக்க வைப்பதில்லை. பசியைக் கிளப்பிவிட்டு இலையை எடுத்துவிடுகிறது என்பதே என் மதிப்பீடு.

எம்ஐடியின் அறிமுகப் பாடம் இதற்கு நேர்மாறானது. 2022 வசந்தப் பருவத்தில் நார்வின் ரிச்சர்ட்ஸ் எடுத்த வகுப்புகள் வெட்டப்படாமல் முழு நீளத்தில் கிடைக்கின்றன. கரும்பலகையில் தரவை எழுதி, மாணவர்களிடம் கேட்டு, அவர்கள் தடுமாறுவதையும் சேர்த்தே பதிவு காட்டுகிறது. பெயரைப் பதிவு செய்ய வேண்டியதில்லை, கட்டணம் இல்லை, சான்றிதழும் இல்லை. நீங்கள் போட்ட பயிற்சியைத் திருத்தவும் ஆள் இல்லை என்பதால், கற்றதைத் தன் நாவிலேயே சோதித்துப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கே இது பொருந்தும். எடுத்துக்காட்டாக, ஒரு மொழியின் ஒலிகள் எப்படி வேறுபட்டு இயங்குகின்றன என்று பார்க்கும் ஒலியனியல் வகுப்பைக் கேட்ட கையோடு 'கல்', 'தங்கம்', 'அகம்' என்ற மூன்று சொற்களைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மூன்றிலும் வரும் 'க' என்ற எழுத்து ஒன்றே, ஆனால் சொல்லின் முதலில் ஓர் ஒலி, மெல்லினத்துக்குப் பின் வேறோர் ஒலி, உயிர்களுக்கு இடையே இன்னும் தளர்ந்த ஓர் ஒலி. இடத்தைப் பொறுத்து மாறும் இவை பொருளை மாற்றுவதில்லை. அதே நேரத்தில் 'தலை', 'தளை', 'தழை' என்பவற்றில் ஓர் ஒலி மாறியதும் பொருளே மாறிவிடுகிறது. இடத்தைப் பொறுத்து மட்டும் மாறும் மாற்றொலிக்கும் பொருளை மாற்றும் ஒலியனுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஆறு சொற்களில் கண்டுகொண்டவருக்கு, அதன்பின் எந்த மொழியின் தரவைக் கொடுத்தாலும் மலைப்பு இராது.

என்பிடெல் படிப்புகள் 4, 8 அல்லது 12 வாரங்களுக்கு நடக்கின்றன. ஐஐடி மெட்ராஸின் ராஜேஷ் குமார் மொழியும் மனமும் குறித்தும், ஐஐடி குவாஹாட்டியின் சகுந்தலா மஹந்தா பேச்சொலிகளை ஆராயும் ஒலியியல் குறித்தும் பாடம் நடத்தியிருக்கிறார்கள். சேர்வதும் பார்ப்பதும் இலவசம். தேர்வுக்கு மட்டுமே கட்டணம். வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25 மதிப்பெண், தேர்வு மையத்துக்கு நேரில் சென்று எழுதும் இறுதித் தேர்வுக்கு 75. முன்னதில் 10, பின்னதில் 30 என இரண்டிலும் தனித்தனியே எடுத்தால்தான் சான்றிதழ். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2021ஆம் ஆண்டு விதிகள், ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை, என்பிடெல் படிப்புகளும் இடம்பெறும் அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயம் வழியாகப் படிக்க இடம் தருவதால், கல்லூரி மாணவருக்கு இதன் மதிப்பு மற்ற இரண்டுக்கும் இல்லை. குறை, வினாக்களின் தன்மையில் இருக்கிறது. ஒலியியலில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது ஓரளவு நியாயம். அதே என்பிடெலில் உள்ள, அன்றாடப் பழக்கங்களும் ஊடகங்களும் உணர்த்தும் பொருளை ஆராயும் பண்பாட்டு ஆய்வில் அது பொருந்தவே பொருந்தாது. ஐஐடி மெட்ராஸின் அவிஷேக் பருய் நடத்தும் பண்பாட்டு ஆய்வு அறிமுகம் கேட்கத் தகுந்த ஒன்றுதான். ஆனால் 1964இல் பர்மிங்ஹாமில் ரிச்சர்ட் ஹோகார்ட் தொடங்கி, பின்னர் ஸ்டுவர்ட் ஹால் வளர்த்தெடுத்த ஆய்வு மரபு, நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிப்பதற்காகப் பிறந்ததல்ல. அந்தப் பாடத்தைக் கற்பவர், தேர்வு கேட்காவிட்டாலும், ஒரு விளம்பரத்தையோ திருமண அழைப்பிதழையோ எடுத்து இரண்டு பக்கம் எழுதிப் பார்க்க வேண்டும்.

மூன்றுமே ஆங்கிலத்தில் நடப்பவை. கருத்து புரியாததால் அன்றி, கலைச்சொல் புரியாததால் இரண்டாம் வாரத்திலேயே விலகுபவர்கள் உண்டு. 2001இல் தொடங்கப்பட்ட தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் இக்கால மொழியியல், தமிழ் மொழி வரலாறு ஆகிய பாடங்கள் தமிழிலேயே உள்ளன. நடை சற்று வறண்டதுதான். காணொளியின் கவர்ச்சியை அங்கே எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் ஒலியன், உருபன் (பொருள் தரும் மிகச் சிறிய சொற்கூறு) பற்றிய பக்கங்களை முதலில் படித்துவிட்டு ரிச்சர்ட்ஸின் வகுப்புக்குப் போவது, நேரே அங்கே போவதைவிட எளிது. பருவத் தேர்வு நெருங்கும் மாணவர் மட்டும் இந்த வரிசையைப் பின்பற்ற வேண்டியதில்லை. அவர் என்பிடெல் பதிவின் கடைசி நாளை முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.