இபிஏபிஎக்ஸ் பொருத்த ஆள் அமர்த்தும் முன் இதைப் படித்துவிடுங்கள்

பொள்ளாச்சிப் பக்கத்தில் 30 படுக்கைகள் கொண்ட ஒரு தனியார் மருத்துவமனையின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். எங்களிடம் இருந்த பழைய இபிஏபிஎக்ஸ் (அறைகளின் தொலைபேசிகளை ஒன்றோடொன்றும் வெளி லைன்களோடும் இணைக்கும் உள் இணைப்பகம்) கருவிக்கு உதிரி பாகம் கிடைக்காமல் போனதால், அதை எடுத்துவிட்டுப் புதிதாக ஐபி வகை இணைப்பகம் ஒன்றைப் பொருத்தும் வேலையைக் கோவையிலிருந்து இயங்கும் ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்தோம். அவர்கள் பணத்தை முழுதாகப் பெற்றுக்கொண்டு, வேலையை அரைகுறையாக முடித்து, அதன் விளைவாக ஒரு நோயாளியின் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய நிலையை உண்டாக்கி, கடைசியில் எங்கள் சொந்தக் கருவியின் கடவுச்சொல்லை எங்களுக்கே தர மறுத்தார்கள். விவகாரம் வழக்கறிஞர் வழியாகப் போய்க்கொண்டிருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. கருவியைத் தயாரித்தவர்கள் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. பொருத்தியவர்கள் செய்ததை மட்டுமே எழுதுகிறேன்.

ஊர்மக்களுக்குப் பல ஆண்டுகளாக மனப்பாடமான நான்கு தரைவழித் தொலைபேசி எண்கள், ஃபைபர் இணைப்பின் வழியாக ஒரே நேரத்தில் பத்து அழைப்புகளைக் கொண்டுசெல்லும் ஒரு சிப் (SIP) ட்ரங்க் என்ற இணையவழி இணைப்பு, வார்டுகளிலும் அறைகளிலும் 32 எக்ஸ்டென்ஷன்கள் (உள் தொலைபேசிகள்), வெளியிலிருந்து அழைப்பவர்களுக்கு வழிகாட்டும் தமிழ்க் குரல் பதிவு: கேட்டது இவ்வளவுதான். வெளிநாட்டு அழைப்பு எந்த எக்ஸ்டென்ஷனிலிருந்தும் போகக் கூடாது என்று பர்சேஸ் ஆர்டரிலேயே எழுதியிருந்தோம். ஆர்டரோடு 70 சதவீதம், வேலை முடிந்ததும் 30 சதவீதம் என்பது பேச்சு. எல்லா அறைகளிலும் மணி அடித்ததைக் காட்டி, வேலை முடிந்தது என்று மீதிப் பணத்தையும் வாங்கிச் சென்றார்கள்.

அவர்கள் எக்ஸ்டென்ஷன்களுக்கு 101 தொடங்கி 132 வரை எண் கொடுத்திருந்தார்கள். 101 தலைமை மருத்துவர் அறை, 104 மருந்தகம், 108 எக்ஸ்ரே அறை, 112 அறுவை அரங்கம். தமிழ்நாட்டில் தொலைபேசி வைத்திருக்கும் எவருக்கும் இந்த எண்களைப் பார்த்த கணத்திலேயே விஷயம் புரிய வேண்டும். 101 தீயணைப்பு, 104 அரசின் மருத்துவ உதவி எண், 108 ஆம்புலன்ஸ், 112 நாடு முழுவதற்குமான அவசர எண். கருவி முதலில் உள் எண்களைத்தான் பார்க்கும் என்பதால், மருத்துவமனைக்குள்ளிருந்து 108ஐ அழுத்தினால் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போகாது. எக்ஸ்ரே அறையில்தான் மணி அடிக்கும்.

அப்படியேதான் நடந்தது. ஓர் இரவு, வார்டில் இருந்த முதியவர் ஒருவருக்கு நெஞ்சுவலி கடுமையாகி, உடனே கோவைக்கு மாற்ற வேண்டும் என்று பணி மருத்துவர் சொன்னார். இரவுப் பணியில் இருந்த செவிலியர் மேசைத் தொலைபேசியில் 108ஐ அழுத்திக் காத்திருந்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. பூட்டியிருந்த எக்ஸ்ரே அறைக்குள் அது அடித்துக்கொண்டிருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? 108இல் ஆள் எடுக்கவில்லை என்றே நினைத்து மீண்டும் மீண்டும் முயன்றிருக்கிறார். பிறகு தன் கைபேசியிலிருந்து அழைத்தபோது உடனே எடுத்தார்கள். அந்த முதியவர் பிழைத்துக்கொண்டார். மறுநாள் நிறுவனத்துக்குத் தெரிவித்தபோது, “சார், வெளி லைனுக்கு சைபர் போட்டு 108 அடிக்கச் சொல்லுங்க, ஸ்டாஃபுக்கு நீங்கதான் டிரெயினிங் கொடுக்கணும்” என்று பதில் வந்தது. இன்றைக்கும் என்னால் பொறுக்க முடியாத பதில் அது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 2013 டிசம்பரில் டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் நகரில் ஒரு விடுதி அறையில் காரி ஹன்ட் என்ற பெண் தாக்கப்பட்டபோது, உடனிருந்த அவருடைய ஒன்பது வயது மகள் அறைத் தொலைபேசியில் 911ஐ நான்கு முறை அழைத்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. வெளி லைனுக்கு முதலில் 9ஐ அழுத்த வேண்டும் என்பது அந்தக் குழந்தைக்குத் தெரியாது. தாய் இறந்துபோனார். 2018இல் அந்தப் பெண்ணின் பெயராலேயே இயற்றப்பட்ட சட்டத்தின்படி, 2020 பிப்ரவரிக்குப் பிறகு அங்கே பொருத்தப்படும் இணைப்பகங்களில் முன்னொட்டு எண் ஏதும் இல்லாமல் 911க்கு அழைப்பு போயாக வேண்டும். நம் ஊரில் இணைப்பகம் பொருத்தித் தருபவருக்குச் சட்டம் நினைவூட்டாவிட்டாலும், ஒரு மருத்துவமனைக்குள் நின்று 108 என்ற எண்ணை எக்ஸ்ரே அறைக்கு எழுதும்போது கை ஒரு கணம் தயங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது தரைவழி லைன்கள். காலையில் நன்றாக இருக்கும் நான்கு லைன்களும் பத்து மணிக்குள் ஒவ்வொன்றாக எங்கேஜ்டு ஆகிவிடும். வரவேற்பில் யாரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் வெளியிலிருந்து அழைப்பவருக்கு எப்போதும் பிஸி டோன்தான். கருவியை அணைத்துப் போட்டால் சரியாகும், சிறிது நேரத்தில் மறுபடியும் அதே கதை. லைன் பழுது, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் புகார் கொடுங்கள் என்றார்கள் பொருத்தியவர்கள். எக்ஸ்சேஞ்சிலிருந்து வந்த லைன்மேன் சாதாரணத் தொலைபேசி ஒன்றை நேரடியாக மாட்டிச் சோதித்து, லைனில் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இதே காலத்தில் இன்னொரு புகாரும் வந்தது. எங்கள் மாலை நேர ஓபி ஐந்தரை மணிக்குத் தொடங்கும். சரியாக அந்த நேரத்திலிருந்து, அழைப்பவர்கள் எல்லோருக்கும் “இன்றைய ஓபி நேரம் முடிந்தது” என்ற இரவுச் செய்தி ஒலித்தது. அது எட்டு மணிக்கு மேல்தான் ஒலிக்க வேண்டும். மாலையில் டோக்கன் வாங்க அழைக்கும் கிராமத்து நோயாளிகள் பலர், மருத்துவமனை மூடிவிட்டது என்றெண்ணி வேறிடம் போயிருக்கிறார்கள்.

இரண்டுக்கும் காரணம் ஒன்றே என்பதைப் பின்னர் நாங்கள் அழைத்துவந்த திருப்பூர் தொழில்நுட்பர் ஒருவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார். கருவி சீனாவில் தயாரானது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது நாடு, நேரம் ஆகிய அமைப்புகள் சீனாவுக்கு உரியவையாக இருக்கும். பொருத்துபவர் இந்தியா என்று மாற்ற வேண்டும். அதை இவர்கள் தொடவே இல்லை. சீன நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது என்பதால், நமக்கு ஐந்தரை ஆகும்போது கருவியின் கடிகாரத்தில் எட்டு. லைன் தொங்கியதற்குக் காரணம் டோன். தரைவழி லைனில் எதிர்முனையில் இருப்பவர் போனை வைத்துவிட்டார் என்பதைக் கருவி பெரும்பாலும் எக்ஸ்சேஞ்ச் அனுப்பும் பிஸி டோனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறது. நம் நாட்டில் அந்த டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் விநாடி ஒலி, முக்கால் விநாடி அமைதி. சீனாவில் 450 ஹெர்ட்ஸ், 0.35 விநாடி ஒலி, 0.35 விநாடி அமைதி. தனக்குச் சொல்லப்பட்ட டோன் வரவில்லை என்பதால், அழைத்தவர் காத்திருந்து வைத்துவிட்டுப் போன பிறகும் பேச்சு நடந்துகொண்டிருப்பதாகவே கருவி லைனைப் பிடித்து வைத்திருந்தது. ஒரு திரையில் ஒரு நாட்டின் பெயரைத் தேர்ந்தெடுத்து, ஒரு லைனில் சோதனை அழைப்பு விட்டுப் பார்த்திருந்தால் தீர்ந்திருக்க வேண்டிய வேலை அது.

பணமாகப் பார்த்தால் பெரிய இழப்பு இதற்குப் பிறகு வந்தது. தலைமை மருத்துவர் தம் வீட்டிலிருந்தும் கைபேசிச் செயலி வழியாக ஓர் எக்ஸ்டென்ஷனைப் பயன்படுத்த விரும்பினார். நியாயமான விருப்பம், விபிஎன் என்ற மறைகுறியிட்ட தனி இணைப்பு வழியாகப் பாதுகாப்பாகச் செய்து தரக்கூடியது. இவர்களோ ரவுட்டரில் 5060 என்ற போர்ட்டை, அதாவது இணையத்திலிருந்து உள்ளே வரும் வாசலை, உலகத்துக்கே திறந்துவிட்டார்கள். சிப் அழைப்புகளுக்கு வழக்கமாகப் பயன்படும் போர்ட் அது. அது எங்கே திறந்திருக்கிறது என்று இணையம் முழுவதும் இரவு பகலாகத் தேடும் நிரல்கள் உண்டு. எக்ஸ்டென்ஷன் 101இன் கடவுச்சொல்லும் 101. மற்ற முப்பத்தொன்றும் அதே கணக்குதான். வெளிநாட்டு அழைப்பைத் தடுக்கச் சொல்லி நாங்கள் எழுத்தில் கேட்டிருந்தும், அதைத் தடுக்கவில்லை.

ஒரு சனிக்கிழமை இரவு, எங்கள் கருவியில் யாரோ 101ஆக நுழைந்து, பத்து சேனல்களிலும் ஒரே நேரத்தில் நாங்கள் கேள்வியேபடாத நாடுகளின் எண்களுக்கு அழைத்திருக்கிறார்கள். அந்த எண்களுக்கு வரும் அழைப்புக் கட்டணத்தில் ஒரு பங்கு மோசடிக்காரர்களுக்குப் போகும்படி ஏற்பாடு இருக்கும் என்பதால், எதிர்முனையில் பேச ஆள் வேண்டியதில்லை, அழைப்பு நீண்டுகொண்டே இருந்தால் போதும். கட்டண வரம்பைத் தாண்டியதும் தொலைத்தொடர்பு நிறுவனம் ட்ரங்கைத் துண்டித்தது. அதற்குள் சேர்ந்த தொகை எங்கள் வழக்கமான மாத பில்லைப் போலப் பல மடங்கு. உங்கள் கருவியிலிருந்து போன அழைப்புக்கு நீங்கள்தான் பொறுப்பு என்பது அவர்கள் நிலை. ஒப்பந்தத்திலும் அப்படித்தான் இருக்கிறது. பிற்பாடு கருவியின் லாக் பதிவைப் பார்த்தபோது, பொருத்திய அன்று மாலையிலிருந்தே ‘ஃபிரெண்ட்லி ஸ்கேனர்’ என்ற பெயரோடு வந்த முயற்சிகள் பக்கம் பக்கமாக இருந்தன. இப்படித் தேடும் நிரல் ஒன்றின் பெயராக இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு நன்கு தெரிந்த பெயர் அது. லாக்கை ஒருமுறை திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே போர்ட்டை மூடியிருக்கலாம்.

போர்ட்டை உடனே மூட வேண்டும், கருவியின் அட்மின் கடவுச்சொல்லைக் கொடுங்கள் என்று பொருத்திய நிறுவனத்திடம் கேட்டோம். ஏஎம்சி (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டால்தான் ஆள் வருவார், கடவுச்சொல்லை வாடிக்கையாளருக்குத் தருவது எங்கள் வழக்கம் இல்லை என்றார்கள். வீட்டைக் கட்டி முழுப் பணமும் வாங்கியவர் சாவியை மட்டும் தன் இடுப்பில் செருகிக்கொண்டு போவதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? அந்த ஏஎம்சி தொகையும் கருவியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. வேலையைச் சரியாகச் செய்யாமல் விடுவதும், கடவுச்சொல்லைக் கையில் வைத்துக்கொள்வதும் சேர்ந்துதான் அவர்களுடைய வியாபாரம் என்று இப்போது நான் உறுதியாக நம்புகிறேன்.

வேறு வழியின்றித் திருப்பூர் தொழில்நுட்பர் கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பி, எல்லாவற்றையும் முதலிலிருந்து புரோகிராம் செய்தார். தமிழ்க் குரல் பதிவுகள் அழிந்து, மறுபடி பதிவு செய்ய வேண்டியதாயிற்று. வேலையின் நடுவே அவர் ஒரு கேபிளின் மேலுறையை உரித்து, உள்ளே இருந்த கம்பியைப் பிளேடால் மெல்லச் சுரண்டிக் காட்டினார். மேலே செம்பு நிறம், உள்ளே வெள்ளை: செம்பு பூசிய அலுமினியம். கொட்டேஷனில் முழுச் செம்பு என்று எழுதி அதற்கான விலையும் போட்டிருந்தார்கள். ரேக்கின் எர்த் வயர் எதிலும் இணைக்கப்படாமல் சுருட்டிப் பின்னால் தொங்கியது. ஐப்பசி இடி மின்னலில் லைன் கார்டுகள் எரியாமல் தப்பியது எப்படி என்று அவரே வியந்தார்.

இப்போது எங்கள் எக்ஸ்டென்ஷன்கள் 201இல் தொடங்குகின்றன. 108, 112, 101 ஆகியவற்றை நேராக அழுத்தினாலும், சைபர் சேர்த்து அழுத்தினாலும், உள்ளூர்த் தரைவழி லைன் வழியாகவே முதலில் வெளியே போகும்; அது கிடைக்காவிட்டால்தான் சிப் ட்ரங்க். மின்சாரமும் யுபிஎஸ்ஸும் சேர்ந்து நின்றுபோனாலும் ஒரு லைன் தானாகவே அவசரப் பிரிவுத் தொலைபேசிக்கு மாறிவிடும். இந்த வசதி கருவியிலேயே இருந்தது. முதலில் வந்தவர்கள் அதற்கு வயர் இழுக்கவில்லை.

புதிதாக இணைப்பகம் போடுபவர்கள், எல்லா அறைகளிலும் மணி அடிப்பதை வைத்து வேலை முடிந்ததாக ஏற்காதீர்கள். அட்மின் கடவுச்சொல், அமைப்பு முழுவதன் பேக்கப் கோப்பு, எந்த ஜோடிக் கம்பி எந்த அறைக்குப் போகிறது என்ற க்ரோன் பட்டியல் ஆகிய மூன்றும் உங்கள் கைக்கு வந்த பின்பே கடைசித் தவணை என்று பர்சேஸ் ஆர்டரில் எழுதுங்கள். தரைவழி லைன் ஒவ்வொன்றுக்கும் கைபேசியிலிருந்து அழைத்து, குரல் பதிவு ஒலிக்கும்போதே வைத்துவிட்டு, லைன் விடுபடுகிறதா என்று நீங்களே பாருங்கள். வெளிநாட்டு எண் ஒன்றை அழுத்தி, அழைப்பு மறுக்கப்படுவதைக் கண்ணால் பாருங்கள். சிப் ட்ரங்க் தரும் நிறுவனத்திடமும் தனியாக எழுதிக் கொடுத்து ஐஎஸ்டியை அவர்கள் பக்கத்திலேயே அடைத்துவிடுங்கள். உங்கள் கருவியில் ஓட்டை இருந்தாலும் அந்த அடைப்பு காப்பாற்றும்.

மோசடி அழைப்புகள் குறித்து 1930இல் சைபர் குற்றப் புகார் பதிவு செய்துள்ளோம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காகப் பொருளோ சேவையோ பெறுபவரை நுகர்வோர் என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. பிழைப்புக்காகத் தானே தொழில் நடத்துபவருக்கு விதிவிலக்கு உண்டு. எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு அந்த வழி எளிதல்ல என்று வழக்கறிஞர் கூறியதால், ஒப்பந்த மீறலாக உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகத் தயாராகிறோம். லைன்மேன் எழுதிக் கொடுத்த சீட்டு, லாக் பதிவின் அச்சுப் பிரதி, உரித்த கேபிள் துண்டு, திருப்பூர் தொழில்நுட்பரின் அறிக்கை எல்லாம் கோப்பில் இருக்கின்றன. இரண்டாம் முறை வேலை முடிந்தபோது நாங்கள் தயாரித்த சோதனைப் படிவமும் இருக்கிறது; இணைப்பகம் போடப்போகிறவர்கள் கேட்டால் அதன் நகலை அனுப்பி வைக்கிறேன்.