யானைச் சீலா, ரைட் திமிங்கிலமா: யாருக்கு ஆபத்து அதிகம்?

தலை எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஓர் இனத்தின் கதியைச் சொல்லிவிட முடியாது. கொழுப்பிலிருந்து எடுக்கும் எண்ணெய்க்காக வேட்டையாடப்பட்ட வடக்கு யானைச் சீல் என்ற பெரிய கடல் பாலூட்டி, 1890-களில் மெக்சிகோவின் குவாதலூப் தீவில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே மிஞ்சியது. ஆனால் பெண் சீல் நாலு வயதுவாக்கில் தாயாகி, அநேகமாக வருடா வருடம் ஒரு குட்டி போடும். வேட்டை நின்றது, இன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஒரு சீலுக்கும் இன்னொன்றுக்கும் இடையே முன்பு இருந்த மரபணு வேறுபாடு மட்டும் திரும்பவில்லை.

வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலம் இன்னும் 300-க்கு மேல் இருக்கிறது. இருந்தும் எனக்கு இதை நினைத்தால்தான் பயம். முதல் குட்டி போடவே தாய்க்குச் சுமார் 10 வயதாகிவிடும். முன்பு மூன்று நாலு வருடத்துக்கு ஒரு குட்டி. இப்போது மீன்பிடிக் கயிறு உடம்பில் சுற்றி, இழுத்து இழுத்தே இளைத்துப்போகும் தாய்க்கு அந்த இடைவெளி இரட்டிப்புக்கும் மேல். அந்தத் தாயும் கப்பலில் அடிபட்டுச் செத்தால், அந்த இழப்பை ஈடுகட்டப் பல வருடங்கள் ஆகும். கப்பல்கள் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.