வீரர் மேல் வழக்கு: தண்டிப்பதா, ஒதுக்கி வைப்பதா, கோர்ட்டுக்கு விட்டுவிடுவதா?

மைதானத்துக்கு வெளியே நடந்த ஒரு சங்கதிக்காக ஆட்டக்காரர் மேல் வழக்கு விழுகிறது. ஞாயிற்றுக்கிழமை மேட்ச். இறக்குவதா, வேண்டாமா? லீக்குகள் இதற்கு மூன்று வழி பார்த்திருக்கின்றன. தீர்ப்பு வரும்வரை கண்டுகொள்ளாமல் இருப்பது ஒன்று. லீக்கே விசாரித்துத் தண்டிப்பது இன்னொன்று. தண்டனை என்று சொல்லாமல், சம்பளத்தையும் நிறுத்தாமல், வழக்கு ஒரு கட்டம் தாண்டும்வரை ஆடவிடாமல் ஒதுக்கி வைப்பது மூன்றாவது. நெல்லை, தென்காசி, தூத்துக்குடி அணிகள் வந்துபோகும் கபடித் தொடர் ஒன்றுக்கு விதி எழுதியபோது நாங்கள் எடுத்தது மூன்றாவதை. ஆகவே தராசு அந்தப் பக்கம் தாழ்ந்துதான் நிற்கும்.

முதல் வழியைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. நிரூபணமாகும்வரை நிரபராதி என்பது ஜெயிலுக்கு அனுப்புவது பற்றிய விதி. மேட்ச் ஆடுவது யாருக்கும் பிறப்புரிமை கிடையாது. அதுபோக, நம் ஊரில் தீர்ப்பு எப்போது வரும்? மல்யுத்த வீரர் சுஷில் குமார் கொலை வழக்கில் கைதானது 2021 மே மாதம். அவருக்குக் கிடைத்த ஜாமீனை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2025 ஆகஸ்டில். விசாரணை அப்போதும் முடியவில்லை. கபடியில் எதிரணிக் களத்துக்குள் பாடிப் போகும் ஒரு ரைடர் நன்றாக ஆடும் காலமே எட்டு, பத்து வருஷம்தான்.

இரண்டாவது வழி வெளியிலிருந்து பார்க்க வீரமாகத் தெரியும். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். 2014-இல் ரே ரைஸ் என்ற ஆட்டக்காரர் விஷயத்தில் என்ன செய்தது? பெண்ணை அடித்ததற்கு முதலில் இரண்டு மேட்ச் தடை. செப்டம்பரில் லிஃப்டுக்குள் எடுத்த வீடியோ வெளியானதும் காலவரையற்ற தடை. ஒரே செயலுக்கு இரண்டு தண்டனையா என்று நவம்பரில் மேல்முறையீட்டை விசாரித்த நடுவர் அதைத் தூக்கி எறிந்துவிட்டார். நம் கிரிக்கெட்டிலும் அதே குளறுபடி உண்டு. டி.வி. நிகழ்ச்சியில் பேசிய பேச்சுக்காக ஹர்திக் பாண்டியாவையும் கே.எல். ராகுலையும் 2019 ஜனவரி 11 அன்று சஸ்பெண்ட் செய்தார்கள். விசாரிக்க வேண்டிய குறைதீர்ப்பாளர் அதுவரை நியமிக்கப்படவே இல்லை. 24-ஆம் தேதி சஸ்பெண்டை விலக்கிக்கொண்டார்கள். ஏப்ரலில்தான் ஆளுக்கு 20 லட்சம் அபராதம் வந்தது. நீதிபதி வருமுன்னே தண்டனை கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

கோடி கோடியாகப் பணமும் வக்கீல் படையும் உள்ள இடத்திலேயே இந்தக் கதி. சங்கர் நகரில் டி.என்.பி.எல். கிரிக்கெட் ஆட வருபவருக்காவது ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கும். ஊர்க் கபடித் தொடரில் விசாரணைக் குழு என்றால் யார்? செயலாளர், பொருளாளர், ஓய்வுபெற்ற ஒரு பி.டி. மாஸ்டர், இன்னும் இரண்டு பேர். ஐந்து பேரில் மூன்று பேர் பையனுக்குச் சொந்தக்காரர்களாக இருப்பார்கள். இல்லாவிட்டால் எதிர்த்தெருக்காரர்களாக இருப்பார்கள். எந்த முடிவைச் சொன்னாலும் சாதி பார்த்துச் சொன்னான் என்ற பேச்சுதான் மிஞ்சும். சாட்சியைக் கட்டாயப்படுத்தி வரவழைக்கும் அதிகாரமும் அவர்களுக்குக் கிடையாது. இன்னொரு கண்ணி பலருக்குத் தெரிவதில்லை. ‘கோபத்தில் அடித்துவிட்டேன், மன்னிக்கவும்’ என்று பையன் கமிட்டிக்கு எழுதிக்கொடுக்கும் விளக்கம், போலீஸுக்கு வெளியே கொடுத்த ஒப்புதலாக அவன் வழக்கிலேயே சாட்சியமாக வரலாம். நல்லது செய்யப்போய் பையனைக் கம்பி எண்ண வைத்த கதையாகிவிடும்.

ஒதுக்கி வைப்பதற்கு நல்ல முன்மாதிரி ஆஸ்திரேலிய ரக்பி லீக் 2019-இல் கொண்டுவந்த விதி. 11 வருஷமோ அதற்கு மேலோ சிறை விதிக்கக்கூடிய குற்றம் சாட்டப்பட்டால் வீரர் தானாகவே வெளியே நிற்பார். முழுச் சம்பளம் உண்டு, பயிற்சிக்கும் வரலாம், மேட்ச் மட்டும் கிடையாது. குற்றம் செய்தாரா இல்லையா என்ற பேச்சையே லீக் எடுக்காது. பெண்கள், குழந்தைகள் சம்பந்தப்பட்ட சிறிய குற்றச்சாட்டு என்றால் தலைமை அதிகாரி தன் பொறுப்பில் நிறுத்தி வைக்கலாம். இப்படி வெளியே நிறுத்தப்பட்ட வீரர் ஜாக் டி பெலின் இதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போய்த் தோற்றார்.

அதை அப்படியே இங்கே நட்டால் வேர் பிடிக்காது. எந்தக் கட்டத்தில் ஆளை நிறுத்துவது என்பதில்தான் மொத்த விதியும் நிற்கிறது. அங்கே போலீஸ் ஓரளவு விசாரித்த பிறகே குற்றம் சாட்டும். இங்கே புகார் கொடுத்ததும் முதலில் வருவது சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது. அடுத்தது எஃப்.ஐ.ஆர். குற்றப்பத்திரிகை அதற்கப்புறம், கோர்ட் குற்றச்சாட்டு வனைவது இன்னும் அப்புறம்.

கொடை விழாவில் இரண்டு தெருவுக்குத் தகராறு வந்தால் எஃப்.ஐ.ஆரில் பதினைந்து பேர் இருக்கும், கடைசியில் ‘மற்றும் சிலர்’ என்று ஒரு வரியும் இருக்கும். அன்று ஊரிலேயே இல்லாதவன் பெயர்கூட அதில் வரும். நன்றாக ஆடுகிறவன் பெயர் முதலில் வரும், எதிர்த்தரப்புக்குத் தெரிந்த முகம் அதுதானே. பிரிவுகளையும் பார்க்க வேண்டும். பழைய 307, இப்போது புதிய தண்டனைச் சட்டமான பி.என்.எஸ்.ஸில் 109, கொலை முயற்சி என்று தொடங்கிய வழக்கு குற்றப்பத்திரிகையில் 118-ஆக, அதாவது ஆயுதத்தால் காயம் என்று இறங்கி வருவது இந்தப் பக்கம் சாதாரணம். எஃப்.ஐ.ஆர். போட்டாலே வெளியே என்று விதி வைத்தால், அரையிறுதிக்கு முந்தின நாள் ஒரு புகார் கொடுத்து எதிரணியின் ரைடரைத் தூக்கிவிடலாம்.

ஆண்டுக் கணக்கை வைத்து அளப்பதும் சரிவராது. மனைவியைக் கொடுமைப்படுத்தியதற்கான பி.என்.எஸ். 85-ஆம் பிரிவுக்கு அதிகபட்சம் மூன்று வருஷம்தான். 11 வருஷம் என்று கோடு போட்டால் அது தப்பிவிடும், தெருச் சண்டை மாட்டிக்கொள்ளும். அதனால் பிரிவு வாரியாகப் பட்டியல் போடுவதே நல்லது. சி.எஸ்.ஆர்., நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 126-ஆம் பிரிவில் எழுதி வாங்கும் அமைதிப் பிணை, இவற்றுக்கு ஒன்றும் செய்யக்கூடாது. ஆயுதத் தாக்குதலுக்கும் குடும்ப வன்முறைக்கும் குற்றப்பத்திரிகை தாக்கலான தேதியிலிருந்து ஒதுக்கி வைக்கலாம். பாலியல் வன்முறை, போக்சோ இரண்டுக்கு மட்டும் எஃப்.ஐ.ஆரே போதும். அந்த வழக்குகளில் புலனாய்வை இரண்டு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. இரண்டு மாதம் கழித்து கமிட்டி கோப்பை மறுபடி திறந்து பார்த்தால் சரி.

தேதியை யார் கண்டுபிடிப்பது என்று கேட்பார்கள். தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பெரும்பாலான எஃப்.ஐ.ஆர். நகல் கிடைக்கும். ஸ்டேஷன் பெயர், எண், வருஷம் கையில் இருந்தால் இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எந்த நிலையில் நிற்கிறது என்று பார்த்துவிடலாம். பாலியல் வழக்குகளின் நகலை மட்டும் ஏற்ற மாட்டார்கள். அதற்காகத்தான் பதிவுப் படிவத்திலேயே ‘வழக்கு வந்தால் இத்தனை நாளுக்குள் தெரிவிப்பேன்’ என்று வீரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கமிட்டியின் வாட்ஸ்அப் குழுவில் பாதிக்கப்பட்ட பெண் யாரென்று தெரியும்படி ஒரு வரி போனால், பி.என்.எஸ். 72-ஆம் பிரிவில் மாட்டுவது பையன் இல்லை, போட்டவர்.

கடிதத்தின் வாசகமும் முக்கியம். காவலர் தேர்வில் விளையாட்டு வீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. கபடி ஆடும் பையன்களில் பாதிப் பேருக்குக் கண் அதில்தான். நடத்தை விசாரணையில் சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையே தள்ளிவிடும் வேலை அது. அவன் மேல் ‘ஒழுங்கு நடவடிக்கை’ என்று லெட்டர்பேடில் அச்சடித்துக் கொடுப்பது கூடுதல் கொடுமை. ‘இது குற்றம் பற்றிய முடிவு ஆகாது, தற்காலிக ஏற்பாடு’ என்று இரண்டு வரி போதும். ஒப்பந்தத் தொகை இருந்தால் தவணை தவறாமல் போக வேண்டும். பரிசுப் பணத்தைப் பங்கு பிரிக்கும் அணி என்றால் அவன் பங்கைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

பயிற்சியாளரோ மேலாளரோ வீராங்கனையிடம் அத்துமீறினால் மேலே சொன்ன காத்திருப்பெல்லாம் கிடையாது. வேலையிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி விளையாட்டரங்கமும் வேலையிடம்தான். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் அமைப்பு என்றால் உள்ளகக் குழு விசாரித்து 90 நாளில் முடிக்க வேண்டும். அதற்குக் குறைவு என்றால் மாவட்ட அளவிலான குழுவிடம் போகலாம். 18 வயதுக்குக் கீழ் என்றால் போலீஸுக்குச் சொல்லியே தீர வேண்டும். ‘பேசி முடிச்சிருவோம்’ என்று மறைத்த பொறுப்பாளருக்கு ஒரு வருஷம் வரை சிறை உண்டு.

ஒதுக்கி வைப்பதிலும் ஓட்டை இருக்கிறது. டி பெலின் வழக்கில் இரண்டு முறை ஜூரி முடிவுக்கு வராமல், 2021-இல் குற்றச்சாட்டையே கைவிட்டார்கள். இரண்டு சீசனுக்கு மேல் போனது போனதுதான். இலங்கைக் கிரிக்கெட் வீரர் தனுஷ்க குணதிலக்கவுக்கு அது வாய்ப்பாக அமைந்தது: 2022 நவம்பரில் சிட்னியில் கைது, 2023 செப்டம்பரில் விடுதலை, அடுத்த மாதமே தடை நீக்கம். நம் கோர்ட்டில் அந்த வேகத்தை எதிர்பார்க்க முடியாது. அதனால் ஆறு மாதத்துக்கு ஒரு மறுபரிசீலனை, அதையும் மூன்று மாவட்டத்துக்கும் சம்பந்தமில்லாத ஒரு வக்கீலிடம் கொடுப்பது என்று வைத்திருக்கிறோம். இரண்டு சீசன் இழுத்த வழக்கு எங்களுக்கு இன்னும் வரவில்லை. வந்தால் இந்த ஏற்பாடு தாங்குமா என்று அடித்துச் சொல்ல முடியாது. பெண்கள் அணிகளில் இது எப்படி வேலை செய்யும் என்பதிலும் எங்களுக்கு அனுபவம் கம்மி.

விதியை எழுதும்போது பலர் விட்டுவிடும் ஒரு வரி: ஒதுக்கி வைத்த வீரருக்குப் பதிலாகப் பட்டியலுக்கு வெளியேயிருந்து ஆள் எடுக்க அனுமதி. கபடி அணியில் அதிகபட்சம் 12 பேர், களத்தில் 7 பேர். இரண்டு பேர் வெளியே நின்று, ஒருவனுக்கு முட்டியும் போய்விட்டால் அணி தள்ளாடும். மாற்று ஆள் கிடையாது என்று தெரிந்தால் வழக்கை முதலில் மறைப்பது மேலாளர்தான். பக்கத்துத் தொடரில் வேறு பெயரில் இறக்குவதும் அவர்தான். அதற்காக மேட்சுக்கு முன்னால் ஆதாரில் உள்ள படத்தையும் ஆளையும் ஒத்துப் பார்க்க மேசையில் ஒருவரை உட்கார வைத்துவிடுங்கள்.